பழகிய வண்டியின் மேல் பற்று ஏன் வருகிறது?

ஒருவருக்குத் தம் வண்டியின் மேல் எவ்வளவு பற்று இருக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், அதன் சாவியை அவர் வேறொருவர் கையில் கொடுக்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாம் தானாகவே நடந்துவிடுகிற புதிய காரை இரவல் கொடுப்பவர், சாவியை நீட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்தில் குடியிருக்கும் என் சித்தப்பா, தம்முடைய ஆம்னி வேனின் சாவியை வீட்டு மாப்பிள்ளையிடம் கொடுக்கும்போது கூடவே வண்டி வரைக்கும் நடந்து வருவார். "காலையில எடுக்கறப்ப சோக்கை முழுசா இழுத்துக்குங்க மாப்ள, எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிருங்க. சைடு கதவை அறையாதீங்க. கடைசி வரைக்கும் பின்னால தள்ளி, அப்புறம் ஒரே இழுப்பா இழுத்தீங்கன்னா அதுவே உக்காந்துக்கும். திரும்பறப்ப மட்டும் கொஞ்சம் தாண்டிப் போயி ஒடிங்க" என்று அவர் சொல்லி முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகும். (சோக் என்பது குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்ப உதவும் இழுபிடி.) அந்த ஐந்து நிமிடப் பேச்சு எங்கிருந்து பிறக்கிறது என்பதை, உளவியல் படித்திராதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் பற்று என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். விலை உயர்ந்த காரை வைத்திருப்பவருக்கு அதனால் பெருமை உண்டாகலாம். பிறர் பார்க்கும்போது அது கூடும், யாரும் பார்க்காதபோது குறையும். பற்றுக்குப் பார்வையாளர் தேவையில்லை. நல்ல விலைக்குக் கேட்டு வந்தவரைக் காபி கொடுத்து வெறுங்கையோடு அனுப்பிவிடுவதும், வழியில் வண்டி நின்றுவிட்டால் எரிச்சலுக்கு முன்பாகவே "இதற்கு என்ன ஆயிற்றோ" என்ற கவலை வருவதும், மழைக்கு அதை நனையவிட மனம் வராமல் களத்தில் காயும் மஞ்சளை மூடிய கையோடு ஓடிப்போய் அதையும் மூடுவதும் பற்றின் அடையாளங்கள். இது எல்லா வண்டிகளின் மேலும் வந்துவிடுவதில்லை. அன்றாட வேலையைக் குறைவில்லாமல் செய்து கொடுப்பவையாகவும், அதே சமயம் தமக்கென்று சில வினோதமான பழக்கங்களை உடையவையாகவும் இருக்கிற வண்டிகளின் மேல்தான் அது ஆழமாக வேர்விடுகிறது. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பற்று வளராது என்பதே நான் சொல்ல விரும்புவது.

ஆம்னியையே எடுத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாற்றப்பட்டு, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள் விற்பனையில் இருந்த வண்டி அது. மாருதி 800 காரில் இருந்த அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் இதிலும் இருந்தது. ஆனால் அது முன்புறத்தில் ஒரு மூக்கை நீட்டி அதற்குள் வைக்கப்படாமல், முன் இருக்கைகளுக்கு அடியில் படுக்க வைக்கப்பட்டிருந்தது. முன்சக்கரங்களும் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழேயே வந்துவிட்டன. இப்படிச் செய்ததால், சுமார் 3.37 மீட்டர் மட்டுமே நீளமுள்ள வண்டியில் எட்டுப் பேர் அமர இடம் கிடைத்தது. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால், கூரைக்கும் தரைக்கும் இடையே ஒரு சின்ன அறையே கிடைத்தது. பின்னிருக்கைக்கான பக்கக் கதவுகள் வெளியே திறக்காமல் பின்னோக்கி நகர்ந்து செல்பவை.

இந்த அமைப்பு கொங்கு நாட்டின் வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்தியது என்பதை இங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். எங்கள் பக்கம் தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் இட்டேரிதான். இருபுறமும் கிளுவை வேலி நெருங்கி நிற்கும் அந்தத் தடத்தில், 1.41 மீட்டர் அகலமே உள்ள இந்த வேன் வேலி முள் உரசாமல் போய்விடும். தடப்பள்ளி வாய்க்கால் கரையில் எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால், ஒதுங்கி நின்று கதவைத் திறந்து இறங்குவதற்குக்கூட இடம் வேண்டும். நகரும் கதவுக்கு அந்த இடம் தேவைப்படுவதில்லை. விடியற்காலையில் பால் கேன், காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பத்து மணிக்கு வாழைத்தார், கல்யாணம் வந்தால் சீர்த் தட்டுகளோடு அமர்ந்து வரும் பெண்கள், நள்ளிரவில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வசதி என்று ஒரே வண்டி ஒரே நாளில் நான்கைந்து வேடங்களைப் போட்டது. திருப்பூரில் ஒரு கம்பெனியில் தைத்த பனியன் மூட்டைகளை இன்னொரு கம்பெனிக்குச் செக்கிங்குக்குக் கொண்டுசெல்ல இதே வேன்தான் சந்து சந்தாக ஓடியது.

பயன் என்பது பற்றுக்கு ஏன் முதல் நிபந்தனை ஆகிறது? பழக்கம் உண்டாவதற்கு அதுதான் வாய்ப்பைக் கொடுக்கிறது. ராபர்ட் சாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றை மறுபடியும் மறுபடியும் கண்ணில் படச் செய்தாலே மனிதருக்கு அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று காட்டினார். கொட்டகையில் உறை போர்த்தி, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வெளியே எடுக்கப்படும் அழகிய வண்டிக்கு இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று முறை நம்மைச் சுமந்து போய்வருகிற வண்டிக்குத்தான் கிடைக்கிறது.

ஆனால் பயன் மட்டும் போதாது. கிணற்றடியில் ஓடும் மோட்டார் எங்கள் வாழ்க்கைக்கு வேனைவிடப் பயனுள்ளது; அதன் மேல் யாரும் பற்று வைத்ததாக நான் கண்டதில்லை. பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, ஓடாவிட்டால் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்துவிடுகிறோம். எந்தக் குறையும் சொல்ல முடியாத, எந்தக் கவனத்தையும் கேட்காத காரும் ஏறக்குறைய இதே நிலைக்குத்தான் வந்து சேர்கிறது. இங்கேதான் வினோதம் என்ற இரண்டாவது நிபந்தனை வருகிறது.

வினோதத்துக்கும் கோளாறுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான் இந்தக் கருத்தின் மையம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கோளாறு என்பது நம் கைக்கு அடங்காதது. அது எப்போது வரும், எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாது. வினோதம் என்பது கற்றுக்கொள்ளக் கூடியது. ஆம்னியில் ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்திருப்பதால், மற்றக் கார்களில் திருப்புகிற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் பின்சக்கரம் மூலையில் ஏறிவிடும். சற்றுத் தாண்டிச் சென்று ஒடிக்க வேண்டும். முதல் வாரம் இது தொல்லையாகத் தெரியும். ஒரு மாதத்தில் கை தானாகவே தாண்டிப் போய் ஒடிக்கும். அதற்குப் பிறகு, அந்த வண்டியைப் புதிதாக ஓட்டுகிற ஒருவர் மூலையில் திணறுவதைப் பார்க்கும்போது, நமக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லை என்ற உணர்வு வருகிறது. கற்றுக்கொண்ட வினோதம் இப்படி அறிவாக மாறிவிடுகிறது, அந்த அறிவு அந்த ஒரு வண்டியைப் பற்றியது என்பதால் வேறெங்கும் செல்லுபடியாகாது. வண்டியை விற்றால் அந்த அறிவும் பயனற்றுப் போகும் என்பதுதான் விற்க மனம் வராததற்கு ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சித்தப்பா வண்டியின் பக்கக் கதவுக்கு வரலாறே உண்டு. இத்தனை ஆண்டுகளாக வாழைச் சருகும் மஞ்சள் தூளும் இட்டேரிப் புழுதியும் ரோலர் ஓடுகிற சேனலில் நாங்களே கொண்டுவந்து சேர்த்தவை. முழுதும் பின்னால் தள்ளி ஒரே இழுப்பாக இழுத்தால் மட்டுமே கதவு சரியாக வந்து பூட்டில் அமரும் என்பதை அவர் பல நாள் முயன்று கண்டுபிடித்தார். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தக் கதவு அவருக்குக் குறையாகத் தெரியவில்லை.

இந்த அனுபவத்துக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது. ஐகியா என்ற சுவீடன் நாட்டுக் கடை, மேசை, அலமாரி போன்றவற்றைப் பாகங்களாகவே விற்கும். வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும். இதை வைத்து ஐகியா விளைவு என்று பெயரிட்டு, மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி ஆகிய மூவர் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனையில், பழக்கமில்லாதவர்களைக் கொண்டு காகிதத்தை மடித்துக் கொக்கும் தவளையும் செய்யச் சொன்னார்கள். செய்தவர்கள் தங்கள் கோணலான கொக்குக்குச் சராசரியாக 23 சென்ட் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதே கொக்கைப் பார்த்த மற்றவர்கள் 5 சென்ட்தான் தரலாம் என்றார்கள். கைதேர்ந்தவர்கள் மடித்த அழகிய கொக்குக்கே மற்றவர்கள் கொடுக்க முன்வந்தது 27 சென்ட்தான். தம் உழைப்பு கலந்துவிட்டால் மனிதர் தம் கோணல் கொக்கையும் கலைஞரின் கொக்குக்கு ஏறக்குறைய ஈடாக வைத்துவிடுகிறார் என்பது இதன் பொருள்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவு இருக்கிறது. நம் விஷயத்துக்கு அதுவே முக்கியமானது. ஐகியா பெட்டி ஒன்றைப் பாகங்களிலிருந்து பொருத்தத் தொடங்கியவர்களில் சிலரை வேலையை முடிக்க விடாமல் நிறுத்திவிட்டார்கள். அவர்களிடம் அந்தக் கூடுதல் மதிப்பு உண்டாகவில்லை. உழைப்பு பற்றாக மாற வேண்டுமானால், உழைத்த காரியம் கைகூட வேண்டும். வினோதமான வண்டி நேசிக்கப்படுவதற்கும், ஓயாமல் பழுதாகும் வண்டி வெறுக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். சோக்கை இழுத்தால் காலைக் குளிரிலும் எஞ்சின் எழுந்துவிடுகிறது. எனவே சோக் இழுப்பது ஒரு சிறு வெற்றி. எதைச் செய்தாலும் எழாத எஞ்சினோடு போராடுவது வெறும் களைப்பு.

இதற்கு உடன்பிறப்பாக எலியட் ஏரன்சன் 1966-இல் நடத்திய சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். வினாடி வினாவுக்கு விடை சொல்லும் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பதிவில் அவர் 92 சதவீத விடைகளைச் சரியாகச் சொன்னார். இன்னொன்றில் 30 சதவீதம் மட்டுமே. சில பதிவுகளின் முடிவில் மட்டும் அவர் தம் மேலேயே காபியைக் கொட்டிக்கொள்வது கேட்டது. திறமைசாலி காபியைக் கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரை முன்னைவிட அதிகம் பிடித்தது. திறமை குறைந்தவர் கொட்டியபோது அவர் மேலிருந்த விருப்பம் இன்னும் குறைந்தது. மனிதரைப் பற்றிய முடிவை அப்படியே வண்டிக்குப் பொருத்துவது முழுச் சரியாகாது என்றாலும், ஒப்புமை எனக்கு வலுவாகவே படுகிறது. முதலில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சிறு கோணல் அழகாகத் தெரியும்.

இந்த இடத்தில் கொங்கு நாட்டின் தனித்தன்மை ஒன்று வந்து சேர்கிறது. ஒரு கோணல் வினோதமாக நிற்பதும் கோளாறாக முற்றிவிடுவதும், அதைச் சரிசெய்யும் கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளும் பம்புசெட்டு வார்ப்படங்களும், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் கூடங்களும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும் இந்த மண்ணில் இரும்போடு பழகுவதை இயல்பாக்கிவிட்டன. சூலூருக்கு அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தே இயந்திரத்தைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும் என்ற அந்த நம்பிக்கை இங்கே நாற்சந்திக்கு ஒரு பட்டறையாக இன்றும் இருக்கிறது. ஆம்னியின் முன் இருக்கையை மடக்கித் தூக்கினால் எஞ்சின் கண்ணெதிரே கிடக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்கு ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்து, கணினியை இணைத்தால் மட்டுமே வாய் திறக்கிற இன்றைய எஞ்சின்கள் பல வகையில் மேலானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. உரிமையாளரின் கைக்கு அவற்றில் வேலை இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே நம் முன்னோர் இந்தப் பற்றை அறிந்திருந்தார்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தையில், வண்டி மாடு விற்கிற விவசாயி விலையை மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றைக் கொடுத்துவிட மாட்டார். எந்தப் பக்கம் பூட்டிப் பழகியது, எதைக் கண்டால் மிரளும், எந்தக் குரலுக்கு நகரும் என்பதையெல்லாம் சொல்லித்தான் ஒப்படைப்பார். என் அப்பாருவிடம் (தாத்தாவிடம்) இருந்த காங்கேயம் எருது, நுகத்தில் வலப்பக்கம் பூட்டினால் அடி எடுத்து வைக்காது. இடப்பக்கம் பூட்டினால் இரண்டு மாட்டின் பாரத்தையும் தானே இழுக்கும். சித்தப்பாவின் ஐந்து நிமிடப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த எருதுதான் நினைவுக்கு வரும்.

பயனும் வினோதமும் திட்டமிட்டே ஒன்றாகச் சேர்க்கப்பட்ட வண்டியும் உலகில் உண்டு. பிரான்சு நாட்டின் சிட்ரோயன் நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த பியர் பூலாஞ்சே, 1930-களில் தம் பொறியாளர்களிடம் உழவர்களுக்கான ஒரு காரைக் கேட்டார். இரண்டு உழவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமந்து செல்ல வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. ஒரு கூடை முட்டையை வைத்து உழுத நிலத்தில் ஓட்டினாலும் ஒரு முட்டை உடையக் கூடாது. நாமக்கல்காரர்கள் இந்தக் கடைசி நிபந்தனையின் அருமையை மற்றவர்களைவிட நன்றாக உணர்வார்கள். போருக்குப் பிறகு 1948-இல் பாரிசில் காட்டப்பட்ட அந்த 2சிவி கார், 375 சி.சி. எஞ்சினோடு 9 குதிரைத்திறன் மட்டுமே கொண்டிருந்தது. அதன் கூரை பாயைப் போலச் சுருட்டக் கூடியது; இருக்கைகளைக் கழற்றி வெளியே போட்டு அமரலாம்; கியர் தடி முகப்புப் பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது; தொடக்க கால வண்டிகளில் மழைத் துடைப்பான், வேகங்காட்டியின் கேபிளிலேயே இணைக்கப்பட்டிருந்ததால், வண்டி மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகத் துடைத்தது. 1990 வரை 38 லட்சத்துக்கும் மேற்பட்ட 2சிவி கார்கள் கட்டப்பட்டன. அதன் ஒவ்வொரு வினோதமும் ஏதோ ஒரு தேவையிலிருந்து பிறந்தது என்பதை ஓட்டியவர்கள் நாளடைவில் கண்டுகொண்டார்கள். காரணமுள்ள கோணலை மன்னிப்பது எளிது. காரணம் புரிந்துவிட்டால் அது கோணலாகவே தெரியாது.

பற்றுக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு. கையில் வந்துவிட்ட பொருளை மனிதர் கூடுதலாக மதிப்பிடுகிறார் என்பது 1990-இல் கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் காபிக் கோப்பைகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து நன்கு அறியப்பட்டது. கோப்பையை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் கொடுக்க நினைத்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 2010-இல் ஜெஸ்ஸி சேண்ட்லர், நார்பர்ட் ஷ்வார்ஸ் ஆகியோரின் ஆய்வு இன்னும் நேராக நம் விஷயத்தைத் தொடுகிறது. தம் காரை ஒரு மனிதரைப் போல எண்ணிப் பார்க்கத் தூண்டப்பட்டவர்கள், அதை மாற்றுவதற்குக் குறைவாகவே விரும்பினார்கள். மாற்றலாமா என்று முடிவு செய்யும்போது அதன் தரத்துக்கும் குறைந்த இடமே கொடுத்தார்கள். உருண்டை விளக்குகள் கண்களாகவும் முன்தகடு முகமாகவும் தெரிகிற வண்டிக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால், அதன் குறைகளைக் காண நம் கண் மறுக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூக்கில்லாத வண்டியில் மோதலைத் தாங்கி நசுங்குவதற்கு முன்புறம் இடமே இல்லை. ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் நடுவில் ஒரு தகடுதான். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப அதை மாற்றியமைக்க முடியாததால்தான் ஆம்னியின் உற்பத்தியே நின்றது. எட்டுப் பிள்ளைகள் அமர வேண்டிய வேனில் பதினைந்து பிள்ளைகளை அடைத்து, "இவ்வளவு வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது பற்று ஆகாது. எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்: வேன் தோட்டத்துக்கும் மண்டிக்கும் கோபி சந்தைக்கும் மட்டும், பெருந்துறையைத் தாண்டி 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போக வேண்டியிருந்தால், காற்றுப்பைகள் உள்ள வேறு காரை எடுத்துச் செல்கிறோம். சித்தப்பா இதற்கு முதலில் வருத்தப்பட்டார். பேரப்பிள்ளைகளை முன்னிறுத்திப் பேசியபோது ஒப்புக்கொண்டார்.

புதிதாக வண்டி வாங்கப் போகிறவர் ஒருவர், பற்று வரக்கூடிய வண்டியைத் தேர்ந்தெடுத்து வாங்க முடியுமா என்று கேட்கக்கூடும். பற்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கான வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் ஒரு வாரத்து வேலைகளை எழுதிப் பார்த்து, அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யக்கூடிய பாதுகாப்பான வண்டியைப் பாருங்கள். அதில் உங்களுக்குப் புரியாத ஏதாவது ஓர் அமைப்பு இருந்தால், உடனே ஒதுக்கிவிடாமல், அது ஏன் அப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதில் கிடைத்து அது உங்கள் வேலைக்கு உதவுவதாக இருந்தால், பழகிக்கொள்ள ஆறு மாதம் கொடுங்கள். டயர் காற்றைப் பார்ப்பது, வைப்பர் ரப்பரை மாற்றுவது, கதவு சேனலைத் துடைத்து கிரீஸ் போடுவது போன்ற, உங்கள் கையால் முடிகிற வேலைகளைப் பிறரிடம் விட்டுவிடாதீர்கள்.

சித்தப்பாவின் வேன் 1998-ஆம் ஆண்டுப் பதிவு. அவர் அதை 2004-இல் இரண்டாம் கையாக வாங்கினார். பதினைந்து ஆண்டு முடிந்து 2013-இல் ஒரு முறையும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறையாக 2018, 2023-இலும் பதிவைப் புதுப்பித்திருக்கிறார். இப்போது அவருடைய இளைய மகள்தான் அதிகம் ஓட்டுகிறாள். போன ஐப்பசி மழையில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அவசரமாக வண்டி கேட்டு வந்தார். சித்தப்பா ஊரில் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவளே வண்டி வரைக்கும் நடந்துபோனாள். சோக்கையும் கதவையும் திருப்பத்தையும் வரிசை மாறாமல் சொன்னாள். பிறகு, அவள் அப்பா ஒருநாளும் சொல்லி நான் கேட்டிராத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்: "மழையில எல்லாக் கண்ணாடியும் மூடிட்டீங்கன்னா உள்ளே ஆவி கட்டிக்குமுங்ணா. பின்னால இருக்கற கண்ணாடியை ஒரு விரல் அளவு மட்டும் நகத்தி வெச்சுக்குங்க."